புதன்கிழமையே எனக்குத் தெரியும்

எழுபத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் தலைமையாசிரியை என்னைத் தம் அறைக்கு அழைத்து, பள்ளி ஹாக்கி அணியை இனி நான்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். ஈப்போவிலிருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியையாகச் சேர்ந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஹாக்கி மட்டையை அதுவரை கையில் பிடித்ததுகூட இல்லை. அதைச் சொன்னேன்.

“நாட்டுக்காக ஓடியவர் நீங்கள். ஹாக்கியிலும் ஓடத்தானே வேண்டும்?” என்றார் அவர். சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்துகொண்டார்.

நான் நானூறு மீட்டர்க்காரி. நான்கு ஆண்டுகள் நாட்டுச் சின்னம் போட்ட சட்டையில் ஓடியிருக்கிறேன். இரண்டு முறை பத்திரிகையில் படம் வந்தது. இருபத்தைந்து வயதில் குதிகால் நரம்பு அறுந்து அதோடு எல்லாம் நின்றுபோனது. பிறகு கல்லூரி, பயிற்சி, வேலை, கல்யாணம். குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். கணவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் வேலை. படிக்கட்டு இறங்கும்போது மட்டும் எனக்கு இடது கால் கொஞ்சம் பின்வாங்கும். மற்றபடி நான் ஓடியவள் என்பது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

முதல் நாள் பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் இருந்த திடல் பாதி புல், பாதி செம்மண். நாலு நாள் மழை இல்லையென்றால் சிமெண்டுத் தரைபோல இறுகிவிடும். மட்டைகளை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, நானூறு மீட்டரை ஆறு முறை ஓடவிட்டேன். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. என்னை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

ஆறாவது சுற்றை முதலில் முடித்தவள் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்த ஒரு தமிழ்ப் பெண். செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. மற்றவர்கள் புல்லில் சுருண்டு கிடக்க, இவள் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றபடி கேட்டாள்.

“டீச்சர், இன்னும் இருக்கா?”

அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அணியில் அவள் சென்டர் ஹாஃப். ஆட்டத்தின் நடுவில் நின்று, வருகிற பந்தை மறித்து முன்னால் அனுப்புகிற இடம்.

முதல் போட்டியில் ஆறு கோல் வாங்கினோம். ஒன்றுகூடப் போடவில்லை. எதிரணியைவிட எங்கள் பிள்ளைகள்தான் அதிகம் ஓடினார்கள், அதில் சந்தேகமே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் கோல்கீப்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சீனப் பெண். அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் ஹாக்கி ஆடுகிறவர்கள். “டீச்சர், நாங்க நல்லா ஓடுறோம்,” என்று மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னாள். “ஆனா பந்து எங்கள விட வேகமா ஓடுது. பந்த ஓட விடணும் டீச்சர்.”

எனக்குக் காது சுட்டது. ஆனால் அவள் சொன்னது சரி. அந்த வாரமே நகரத் திடலுக்குப் போனேன். மாலையில் அங்கே ஆண்கள் ஹாக்கிப் பயிற்சி செய்வார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நான் நின்றதைப் பார்த்து ஆளாளுக்கு முழித்தார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியர் மட்டும் அருகில் வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஹாக்கி தெரிந்தவரைத் தேடுகிறேன் என்றேன். சிரித்துவிட்டார். பிறகு மட்டை நுனியால் மண்ணில் கோடு போட்டு, யார் எங்கே நிற்க வேண்டும், பந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்று காட்டினார். ஆறு மாதம் விடாமல் போனேன். இரவல் மட்டை வாங்கி வீட்டுச் சந்தில் நானே தட்டிப் பழகினேன்.

இருந்தாலும் ஓட்டத்தை நான் விடவில்லை. வாரத்துக்கு நாலு நாள் அந்தச் செம்மண்ணில் நானூறு மீட்டர்கள். எனக்கு உண்மையில் தெரிந்தது அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டால் அந்தத் திடலில் எனக்கு என்ன வேலை என்ற பயம் இருந்தது.

மறு ஆண்டு நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். பந்தை ஓடவிடவும் தெரிந்திருந்தது, கடைசிப் பத்து நிமிடம் எதிரணி மூச்சு வாங்கும்போது எங்களுக்குக் காலில் தெம்பு மிச்சமும் இருந்தது. வட்டாரத்தில் ஜெயித்து, மாநில அரையிறுதியிலும் ஜெயித்தோம். இறுதி ஆட்டம் சனிக்கிழமை காலை தைப்பிங்கில் என்று கடிதம் வந்தது. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அன்றைக்கு வந்து பார்ப்பார்கள் என்றும் அதில் இருந்தது.

அந்தச் செய்தி சென்டர் ஹாஃபுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அவள் குடும்பம் வேலை பார்த்த தோட்டம் கைமாறிவிட்டது. ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக் கடைசிக்குள் தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஹுத்தான் மெலிந்தாங் என்ற தூரத்து ஊரில் மீன் வேலை பார்க்கும் மாமா வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். போனால் பள்ளிக்கூடம் சந்தேகம்தான். மாநில அணியில் இடம் கிடைத்தால், அதைக் காட்டி ஈப்போவில் விடுதி கேட்டுப் பார்க்கிறேன் என்று தலைமையாசிரியை அவளிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு அப்போது பதினாறு வயது. அந்த ஒரு ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

புதன்கிழமை மாலைப் பயிற்சியில் அவளைக் கவனித்தேன்.

வகுப்பறைக் கட்டடத்திலிருந்து திடலுக்கு இறங்க இரண்டு படி. அவள் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினாள். விசில் ஊதியதும் எப்போதும் இடது காலை முன்வைத்துக் கிளம்புகிறவள், வலது காலில் கிளம்பினாள். ஆட்டம் நிற்கும் நேரங்களில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வேறு யார் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. இவை மூன்றையும் நான் வாரக்கணக்கில் செய்தவள்.

என் குதிகால் அறுவதற்கு முன்பு எட்டு வாரம் வலி இருந்தது. வெளிநாட்டுப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது பயிற்சியாளர் கேட்டார், வலிக்கிறதா என்று. அவர் கண்ணை நேராகப் பார்த்து இல்லை என்றேன். அவருக்குத் தெரியும். தெரிந்தும் ‘நல்லது’ என்றார். ஊசி போட்டு ஓடினேன். கடைசி வளைவில் ரப்பர்க் காய் வெடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “கால் என்ன?”

“ஒன்னும் இல்ல டீச்சர்.” என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

“நிச்சயமா?”

“நிச்சயமா டீச்சர்.”

குனிந்து, காலுறையை இறக்கிப் பார்க்க எனக்கு அரை நிமிடம் போதும். நான் குனியவில்லை. “சரி, போ,” என்றேன்.

வியாழனும் வெள்ளியும் பயிற்சியை லேசாக வைத்தேன். இரண்டு நாள் ஓய்வில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்காகத்தான் கேட்காமல் இருக்கிறேன், அவளுடைய வாய்ப்பை நான் கெடுக்கக்கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்கும் அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. ஓடி முடித்து ஐந்து வருடம் கழித்து, மறுபடி எதையாவது ஜெயிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது கணவர் என் தட்டைப் பார்த்தார். “என்னா, ரெண்டு நாளா சோறே எறங்கல? நாளைக்கி யாரு ஓடப் போறா, நீயா?”

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனேன்.

சனிக்கிழமை தைப்பிங்கில் மழை தூறிக்கொண்டே இருந்தது. திடலில் சேறு. பெரிய மரங்களுக்குக் கீழே குடை பிடித்தபடி மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒரு பெண்மணி கையில் கோப்பு. அவர்கள்தான் ஆள் எடுக்க வந்தவர்கள் என்று கோல்கீப்பர் முணுமுணுத்தாள். சென்டர் ஹாஃப் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸிலேயே காலுறையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். இடது காலுறை வலதைவிடத் தடிமனாக இருந்தது. உள்ளே துணி சுற்றியிருந்தாள். அதையும் பார்த்தேன்.

ஆட்டம் தொடங்கியது. அவள் ஆடிய ஆட்டத்தை நான் மறக்கவில்லை. நடுத் திடலில் எந்தப் பந்தும் அவளைத் தாண்டவில்லை. பத்தாவது நிமிடம் ஒரு பந்தை மறித்து, வலது ஓரத்துக்கு நீளமாக அடித்தாள். அங்கிருந்து அது வட்டத்துக்குள் வந்து கோலானது. எங்கள் பிள்ளைகள் கத்திக் குதித்தார்கள். அவள் குதிக்கவில்லை. மட்டையை ஊன்றி நின்றாள்.

சிறிது நேரத்தில் தைப்பிங் அணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. அது வந்த வழியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் இடது பக்கமாகத் திரும்புவதில்லை என்பதை அவர்களுடைய ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு பந்தையும் அவளுக்கு இடது பக்கமாகவே அனுப்பினார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் வலது பக்கமாக முழுவட்டம் சுற்றித் திரும்பினாள். ஒவ்வொரு முறையும் அரை வினாடி தாமதம். முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்தது. மழை மட்டும்தானா என்று தெரியவில்லை.

இடைவேளை விசில் ஊதியதும் நேராக என்னிடம் வந்தாள். “டீச்சர், பஸ்ஸுக்குப் பின்னால வாங்க.”

முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கோல்கீப்பர் குடையோடு கூடவே வந்தாள். சென்டர் ஹாஃப் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“ஸ்ப்ரே அடிங்க டீச்சர். மரத்துப் போனா போதும். அரை மணி நேரந்தான்.”

காலுறையைக் கழற்றித் துணியை அவிழ்த்தேன். வீக்கம் அதிகமில்லை. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில், ஒரு காசு அகலம்கூட இருக்காது, விரல் பட்டதும் அவள் உடம்பே துள்ளியது. சத்தம் வரவில்லை. கீழுதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

“எத்தன நாளா?”

“ஸ்ப்ரே அடிங்க டீச்சர்.”

“எத்தன நாளாடி?”

“ஒரு மாசம் இருக்கும்.”

ஸ்ப்ரே டப்பா என் கையில்தான் இருந்தது. அடித்தால் அவள் இறங்குவாள். தசை வலி என்றால் அடித்திருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது எலும்பு. டப்பாவைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

“நீ இறங்கல. வேற ஆள் போகும்.”

அன்றைய விதிப்படி ஒருமுறை மாற்றினால் அந்த ஆட்டத்தில் திரும்ப இறங்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், வேணாம். அவுங்க பாக்குறாங்க டீச்சர். இன்னிக்கி இல்லன்னா எனக்கு ஒன்னும் இல்ல. நீங்க எல்லாம் ஓடி முடிச்சிட்டீங்க. பேப்பர்லயெல்லாம் வந்துட்டீங்க. எனக்கு இது ஒன்னுதான்.”

கோல்கீப்பருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டாள். “பத்து நிமிஷமாவது விடுங்க டீச்சர்,” என்றாள்.

“கைய விடு,” என்றேன்.

அவள் விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன். நடுவரிடம் போய் மாற்று ஆட்டக்காரியின் எண்ணைச் சொன்னேன். நடுவர் இரண்டாம் முறை கேட்டார்.

இரண்டாம் பாதி முழுவதும் அவள் பெஞ்சில் திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதில் இறங்கியது இரண்டாம் படிவத்துப் பிள்ளை. உயிரைக் கொடுத்து ஆடியது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு பந்து அதன் மட்டைக்கும் காலுக்கும் இடையில் புகுந்து போனது. அதிலிருந்து கோல். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். குடைக்குக் கீழே நின்ற பெண்மணி கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டே நடந்துபோனார்.

பஸ்ஸில் நான் முன் இருக்கையில் உட்கார்ந்து, செய்தது சரி, செய்தது சரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். என் பயிற்சியாளர் செய்யாததை நான் செய்திருக்கிறேன். ஈப்போவுக்குள் நுழையும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கோட்டைக் காட்டினார். மயிரிழை மாதிரி. “எலும்பில் கீறல். இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் முறிந்திருக்கும்,” என்றார். நான் தலையாட்டினேன். அவர் படத்தை இறக்காமலே கேட்டார். “இந்தப் பிள்ளை எதில் ஓடுகிறது? கெட்டித் தரையா? வாரத்தில் எத்தனை நாள்?”

நாலு நாள், செம்மண், என்றேன்.

“ஒரே நாளில் வருவதில்லை இது. வளர்கிற எலும்பு. அளவுக்கு மீறி ஓடவிட்டிருக்கிறார்கள்,” என்றார். அந்தப் பயிற்சியாளர் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்லவேண்டிய நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. சென்டர் ஹாஃப் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலில் மாவுக்கட்டு போட்டு முடித்தபோது மாலை ஐந்து. டாக்சி பிடித்து அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். சாலையின் ஒரு பக்கம் சாய்த்த மரங்கள் கிடந்தன, மறு பக்கம் முழங்கால் உயரச் செம்பனைக் கன்றுகள். லயத்து வீட்டு வாசலில் அவள் அப்பா எழுந்து நின்றார். கட்டைப் பார்த்ததும் ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து எனக்கு நாற்காலி போட்டார்.

“விளையாட்டுன்னா அடி படத்தான் செய்யும். நீங்க என்னா பண்ணுவீங்க டீச்சர்,” என்றார்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அவள் அம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா, ஒன்னு கேக்குறேன். இவளுக்குக் கால் சரியில்லன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

இன்றைக்குத்தான் என்று சொன்னால் முடிந்தது. உள்ளேயிருந்து பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“புதன்கிழமையே எனக்குத் தெரியும்,” என்றேன். “கேட்டேன், இல்லேன்னு சொன்னா. பொய்யின்னு தெரிஞ்சும் விட்டுட்டேன். எலும்புல கீறல் வந்ததும் நான் ஓட விட்டதுனாலதான். டாக்டர் சொன்னாரு.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா குனியவில்லை.

“அவ பொய் சொல்லுவா. சின்னப் புள்ள, ஆச இருக்கு. நீங்க படிச்சவுங்க. தெரிஞ்சி வச்சிருந்தீங்கல்ல?”

“ஆமா.”

“நானும் தெனம் அவ நடக்குறதப் பாத்தேன். வேலக் களப்புல என்னான்னு கேக்கல. அத நெனச்சி எனக்கு எரியுது. ஆனா ஒங்களுக்கு அதானே வேல?”

“விடு லா,” என்று மனைவியைத் தடுத்தார் அப்பா.

“நான் ஏன் விடணும்? அடுத்த மாசம் நாம்ப ஹுத்தான் மெலிந்தாங் போயிருவோம். கட்டோட அங்க எந்த ஸ்கூல்ல போயி நிப்பா? வீட்டுல ஒக்காந்துருவா. ஒக்காந்தா அதோட முடிஞ்சிச்சி, என்னய மாதிரி.” என்னிடம் திரும்பினார். “நீங்க கெடுத்தத நீங்களே சரி பண்ணுங்க. ஒரு வருசம் ஒங்க வீட்டுல வச்சிப் படிக்க வைங்க. சோத்துக்கு அரிசி நான் குடுத்தனுப்புறேன்.”

அது கெஞ்சல் இல்லை. கணவரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. “சரி,” என்றேன். உள்ளேயிருந்து, “நான் போமாட்டேன்,” என்று கத்தினாள் மகள். “நீ வாய மூடு,” என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பின்னறைக்குப் போய், அங்கே போட்டு வைத்திருந்த பழைய பேப்பர்களையும் மோட்டார் சைக்கிள் சாமான்களையும் வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

மாநில அணிப் பட்டியல் வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து கோல்கீப்பரை எடுத்திருந்தார்கள். சென்டர் ஹாஃப் இல்லை. டிசம்பரில் அவள் ஒரு தகரப் பெட்டியோடும் அரை மூட்டை அரிசியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

என்னோடு பேசவில்லை. என் கணவரை அண்ணே என்று கூப்பிட்டாள், அவரோடு சிரித்துப் பேசினாள். நான் அடுப்படியில் அவள் பக்கத்திலேயே நிற்பேன். “அண்ணே, நாளைக்கி எனக்கு டியூசன் இருக்கு, வர நேரமாவும், டீச்சர்கிட்ட சொல்லிருங்க,” என்பாள். அவரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நாளைக்கி டியூசனாம்,” என்று எனக்குச் சொல்வார். நாலு மாதம் இப்படியே போனது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது வாசலில் அவள் சப்பாத்து இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

திடலிலும் எல்லாம் மாறியிருந்தது. செம்மண்ணில் ஓடுவதை நிறுத்திவிட்டேன். மலைக்குக் கீழே ஒரு புல்தரைக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு வெள்ளியும் வரிசையாக உட்காரவைத்து எல்லோருடைய காலையும் அழுத்திப் பார்த்தேன். கட்டு பிரித்து, டாக்டர் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் சென்டர் ஹாஃபை நான் விடவில்லை. இன்னும் இரண்டு வாரம், இன்னும் இரண்டு வாரம் என்று தள்ளினேன். பந்து பொறுக்கிப் போடச் சொன்னேன். அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

ஏப்ரலில் ஒரு மாலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று என்னைப் பார்த்துப் பேசினாள்.

“டீச்சர், அன்னிக்கி என்னய வெளிய எடுத்தீங்க, அது சரி. ரொம்ப நாளு ஒத்துக்கல, இப்ப ஒத்துக்கிறேன். அதுக்கு முன்ன மூனு நாளு சும்மா இருந்தீங்க, அது தப்பு. எங்கம்மாகிட்ட நீங்களே சொன்னீங்க. ஆனா இப்ப தெனமும் என்னய வெளிய எடுக்குறீங்க. டாக்டர் சரின்னு சொல்லியாச்சி. ஒங்களுக்குப் பயமா இருக்குன்னா அதுக்கு நான் என்னா பண்ண?”

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்த பிறகுமா என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. என் கையிலிருந்த கீரைக்கட்டை வாங்கி அவளே ஆய்ந்து முடித்தாள்.

மே மாதம் ஒரு போட்டியில் இறக்கினேன். சென்டர் ஹாஃபாக இல்லை, பின்வரிசையில். பழைய வேகம் இல்லை, அது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி முழு வேகத்தில் வந்து மோதினாள். இருவரும் விழுந்தார்கள். அந்தப் பெண் எழுந்துவிட்டாள். இவள் எழவில்லை. இடது முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் கிடந்தாள்.

நடுவர் என்னைப் பார்த்தார். மாற்று ஆட்டக்காரி மட்டையோடு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். நான் கையை உயர்த்தினால் போதும். உயர்த்தாமல் இருக்க, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். கோட்டைத் தாண்டி ஓரடி வைத்தேன், திரும்பக் காலை எடுத்தேன். அவள் அங்கிருந்தே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “கால் என்ன?” என்று கத்தினேன்.

“முட்டி தோல் போயிருச்சி. எலும்பு இல்ல. நெசமாத்தான் டீச்சர்.”

இந்த முறை நான் போய், காலுறையை இறக்கி, விரலால் அழுத்திப் பார்த்தேன். பழைய இடத்தில் துள்ளல் இல்லை. முட்டியில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெளியே வந்தேன். அவள் நொண்டாமல் ஓடினாள். மாற்று ஆட்டக்காரி சலிப்போடு திரும்ப உட்கார்ந்தாள்.

அந்த ஆண்டு அரையிறுதியோடு நின்றுவிட்டோம். மாநில அணியில் அவளுக்கு அப்போதும் இடம் கிடைக்கவில்லை. பிறகு கிடைக்கவே இல்லை. அந்தக் கீறல் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் என்று கோல்கீப்பர் ஒருமுறை என்னிடம் சொன்னாள். பள்ளியின் கடைசித் தேர்வில், ஐந்தாம் படிவத்தில் நன்றாகவே தேறி, தைப்பிங்கில் தாதிப் பயிற்சிக்குப் போனாள். நான் மேலும் ஆறு ஆண்டுகள் அந்த அணியைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு முறை மாநிலக் கோப்பை வந்தது.

எண்பத்தாறில் அவளுக்குக் கல்யாணம், ஹுத்தான் மெலிந்தாங்கில். நானும் கணவரும் பஸ் பிடித்துப் போனோம். பந்தலில் கூட்டம். அவள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டாரிடம் நிறுத்தினார்.

“இவுங்கதான் எம்புள்ள காலை ஒடச்ச டீச்சரு,” என்றார் உரக்க. “ஒடச்சிட்டு, ஒரு வருசம் வீட்டுல வச்சிச் சோறும் போட்டாங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முகம் எரிந்தது. மணவறையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும்.

“அம்மா, ஒடையல,” என்று அங்கிருந்தே சொன்னாள். “கீறல்தான்.”

சொல்லிவிட்டு ஐயர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.